அண்ணி பார்த்த மாவு மூட்டைகள்

அண்ணி வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பச்சை லைட்டு" என்றால் கேட்டிலிருந்து கேன்டீன் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பட்டம் வைத்தவன் என்றைக்காவது என் கையில் மாட்டினால், இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அண்ணியோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சரக்கு இறக்கும் வாசலில் அவருக்கு வேலை. மில்லிலிருந்து மாவு மூட்டைகள் லாரியில் வரும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு ஸ்டிக்கர். கையில் பிடிக்கும் ஸ்கேனரை அதன்மேல் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும், ஒரு பச்சை விளக்கும் எரியும். அந்த மூட்டை எங்கே, எப்போது, எந்த மெஷினில் அரைத்தது என்பது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். மாவைக் கலவைத் தொட்டியில் கொட்டும்போது எந்த மூட்டை எந்தத் தொட்டியில் என்பதும் அதில் ஏறும். கடைசியில் பாக்கெட்டில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு, பிஸ்கட்டிலிருந்து மில் வரைக்கும் பின்னாலேயே நடந்து போய்விடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்வார்கள். பீப் கேட்டதும் தன்னுடையது என்று நினைத்து ஒருவர் மூட்டையை உள்ளே தள்ளிவிடுவார். அது பக்கத்து ஆளுடைய பீப்பாக இருக்கும். இவருடைய மூட்டை எங்கே அரைத்தது என்பதே கணக்கில் ஏறாமல் உள்ளே போய்விடும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அந்த இரைச்சலில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணிக்கு வலது காது கேட்காது, இடது காதும் அரைகுறை. அதனால் பீப்பை நம்புகிற வேலையே அவரிடம் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விளக்கைப் பார்ப்பார். பச்சை எரியவில்லையென்றால் மறுபடியும் காட்டுவார். அவர் வரிசை ஆமை வேகத்தில்தான் நகரும். டிரைவர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பார்கள். அது அவருக்குக் கேட்காது என்பது தனி சௌகரியம்.

"அக்கா, ஒவ்வொரு மூட்டைகிட்டயும் சுகம் விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடுவீங்களா?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் முகத்துக்கு நேரே வந்து கத்தினாராம்.

"பச்சை வந்தா விடறேன் சார். அவசரம்னா நீங்களே தோள்ல தூக்கிட்டுப் போங்க" என்றாராம் அண்ணி. வீட்டில் வந்து அதை நடித்தும் காட்டினார்.

கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நாங்கள். என் மகள் பேருக்குத்தான் மாடியில் இருக்கிறாள். சாப்பாடு, தூக்கம், வம்பு எல்லாம் கீழே பெரியம்மாவோடுதான். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது, உயிருக்கே ஆபத்து. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணி தொழிற்சாலையிலிருந்து வாங்கி வரும் பாக்கெட்டில்கூட என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் பிரிப்பார்.

அப்படிப் படித்துப் பிரித்த பாக்கெட்டில் ஒரு பிஸ்கட்டைத் தின்றுதான் பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அண்ணன்தான். ஊசி போட்டார்கள், பிழைத்தாள்.

டாக்டரம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கடலையே இல்லையே. அப்போ வேற ஏதோ புதுசா ஒத்துக்கலை. என்னன்னு டெஸ்ட் பண்ணவும் கொஞ்ச நாள் போகணும். அதுவரைக்கும் கோதுமை, பால், முட்டை எதுவுமே வேண்டாம்."

பால் என்றால் உயிரை விடுகிற பிள்ளை அவள். வீட்டுக்கு வந்ததும் மாடியிலேயே கிடந்தாள், சோற்றுக்கே பயந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். பாதி வாயிலேயே துப்பினாள். கன்னம் ஒட்டிப்போனது. அண்ணி மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டார். "நான் கொண்டு வந்த பாக்கெட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அவரே அவரைத் தின்றுகொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் மிச்சப் பிஸ்கட்டோடு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை ஆபீசுக்குப் புறப்பட்டார். சண்டை போட ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். அதற்கு வேலையே வரவில்லை. தரம் பார்க்கும் அதிகாரி பாக்கெட் எண்ணைத் தட்டியதும் தொட்டி வந்தது. தொட்டியைத் தட்டியதும் அதில் கொட்டிய மூட்டைகள் வரிசையாக வந்தன. இரண்டு மூட்டைகள் மட்டும் மில்லில் வேறொரு மெஷினில் அரைத்தவை.

மில்லுக்குப் போன் போட்டார். "அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றார்கள். மூட்டை எண்களைப் படித்ததும் போனை வைத்துவிட்டார்கள். விசாரித்துவிட்டு அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த மெஷினில் முந்தின நாள் வேறு யாருக்கோ வேர்க்கடலை அரைத்திருக்கிறார்கள், சரியாகக் கழுவவில்லை.

அதிகாரி அந்த லாரியின் மற்ற வரிசைகளையும் திறந்து காட்டினார். கணக்கு ஏறாமல் அங்கங்கே ஓட்டை. "நல்ல காலம், அந்த ரெண்டும் இந்த அக்கா வரிசையில வந்துச்சு. இல்லேன்னா எங்க தேடறதுன்னே தெரிஞ்சிருக்காது" என்றார். சொல்லிக்கொண்டே, அந்தத் தொட்டிப் பாக்கெட்டுகள் எந்தெந்தக் கடைக்குப் போயின என்று பார்த்து, விற்காமல் நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குப் பாதி கேட்கவில்லை. எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் இடது காதருகே குனிந்தேன். "கடலைதான் அண்ணி. அதே பழைய கடலைதான். புதுசா ஒண்ணும் இல்லை. பிள்ளை பால் குடிக்கலாம்."

அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். இந்த ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் கண்டுபிடித்த புண்ணியவான்கள் யாரோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அதைவிட நூறு மடங்கு எங்கள் அண்ணி நன்றாக இருக்கட்டும்.

மிச்சப் பிஸ்கட்டைச் சோதித்தார்கள், கடலை இருந்தது. டாக்டரம்மாவும் பாலுக்கும் கோதுமைக்கும் சரி என்றார். ஆனால் என் மகள் சரி என்று சொல்ல வேண்டுமே! பால் டம்ளரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குடித்துக் காட்டினேன், அவள் அம்மா குடித்துக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுதழுது மூக்கு சிவந்துபோனது.

திடீரென்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நாங்களும் பின்னாலேயே போனோம். கீழே அடுப்படியில் நின்ற அண்ணியின் சேலையை இழுத்து, அவர் திரும்பியதும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க பாத்துட்டீங்களா?"

அண்ணி டம்ளரை வாங்கி, பாலைப் பார்த்து, முகர்ந்து, திருப்பிக் கொடுத்தார். "பாத்துட்டேன்டா கண்ணு."

அவ்வளவுதான். பிள்ளை மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று டம்ளரை நீட்டினாள்.