சந்திரம்மா காத்திருந்த கதவு

சந்திரம்மா அக்கா பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆனால் ஈரப் போர்வை மூட்டையை ஒரே தூக்கில் தோளில் ஏற்றிவிடுவார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் அவரும் நானும் துணி துவைக்கும் வேலை. அதற்கு முன் அவர் நடவுக்குப் போனவர். வயலெல்லாம் பிளாட் ஆனபிறகு இங்கே வந்தார். சின்ன வயதிலிருந்து குனிந்தும் தூக்கியும் உழைத்த உடம்பு, ஐம்பதைத் தொடும்போது கர்ப்பப்பை இறங்கிவிட்டது.

வெட்கப்பட்டுக்கொண்டு ரொம்ப நாள் மறைத்தார். என்னிடம் சொன்னபோதும் வாஷிங் மெஷின் ஓடும் சத்தத்தில்தான் சொன்னார்.

"நின்னா எறங்குது, ஒக்காந்தா இடிக்குது. படுத்துகினே துணி தொவைக்க முடியுமாடி?"

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் புண்ணாகிவிடும் என்றார் டாக்டரம்மா. அக்கா பயப்படவில்லை. காரணம் ஜெபக்குமார். அக்காவின் தங்கை மகன். தாய் இறந்தபிறகு அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அந்த ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில்தான் அவனுக்கு வேலை.

"நான் உள்ள இருக்கசொல்ல உனுக்கு இன்னா பயம், பெரியம்மா?" என்றான்.

முதல் தடவை ஆபரேஷனுக்குப் போனபோது மழையில் தியேட்டர் கூரை ஒழுகி, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. மருந்து அடிக்க வேண்டும் என்று மூடிவிட்டார்கள். அடுத்த தடவை ஏசி நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடக்க வேண்டும். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொல்வார்கள். வீங்கின விரலில் சோப்பு போட்டு மெட்டியை இழுப்பேன். கைக்குட்டையில் முடிந்து என் இடுப்பில் செருகிக்கொள்வேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மறுபடி மாட்டிவிடுவேன்.

"இன்னிக்கும் எம் புருசனுக்கு ஆயுசு கெட்டிடி," என்று சிரிப்பார்.

நாங்கள் போகும் ஜெபசபையில் வயிற்று ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரும் அக்காவுக்காகப் பட்டினி இருந்தார்கள். ஜெபக்குமார்தான் முன்னால் நின்று ஜெபித்தான். "அந்தக் கதவைத் திறந்தருளும், ஆண்டவரே." நாங்கள் ஆமென் சொன்னோம்.

மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சை கவுன் போட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கு முதல் ஆள் அக்காதான். ஜெபக்குமார் வெளியே வந்தான்.

"ஏசி மறுபடி பூட்ச்சி, பெரியம்மா. இன்னிக்கு யாருக்கும் ஆபரேஷன் கெடையாது. வூட்டுக்குப் போ."

அக்காவின் தலைமேல் கை வைத்து, கண்ணை மூடி ஜெபம் செய்தான். அவனே ஆட்டோவும் பிடித்து ஏற்றிவிட்டான்.

"அவன் மூஞ்சி எப்டி வாடிப்போச்சு பாத்தியா, பாவம்," என்றார் அக்கா வழியெல்லாம்.

அதற்குள் மூட்டை தூக்க முடியாத அக்காவின் வேலையை ரிசார்ட்டில் வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எங்கள் சபையில் நன்மை பெற்றவர் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஜெபக்குமாரின் மாமியார் ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பித்தப்பையில் கல் இருந்த அம்மாள்.

"அந்த செவ்வாக்கெழம பெரிய தியேட்டர மூடிட்டாங்க. எல்லாரையும் அனுப்பிட்டாங்க. சின்ன தியேட்டர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் பண்ண முடியும்னாங்க. எம் மருமவன் டாக்டரான்ட பேசி என்ன உள்ள கூட்டினு போய்ட்டாரு. நீங்க எல்லாரும் கதவு தொறக்கணும்னு ஜெபிச்சீங்களே, அது எனுக்குத் தொறந்துச்சு. ஸ்தோத்திரம்."

சபையே ஸ்தோத்திரம் என்றது. பழக்கத்தில் அக்காவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என் கையைப் பிடித்தார். தபேலா வாசித்துக்கொண்டிருந்த ஜெபக்குமார் தலையைத் தூக்கவில்லை. பாவம், அது அக்காவின் இடம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி வெள்ளையாகச் சொல்லியிருப்பாரா?

வெளியே செருப்பு விடும் இடத்தில் அவனாகவே வந்து நின்றான்.

"அவங்களுக்கு வலி தாங்கல, பெரியம்மா. வூட்ல எம் பொண்டாட்டி ஒரே அழுவ. நான் இன்னா பண்றது?"

"என்னான்ட சொல்லியிருந்தா நானே எழுந்து எடம் உட்டிருப்பேனே, நைனா."

அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.

"தலையில கை வச்சியே, அப்போ உனுக்குத் தெரியும்ல?"

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அவனைத் திட்டியிருப்பேன், அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் தியேட்டரை மறுபடி திறந்தார்கள். அதற்குள் புண் வந்துவிட்டது. நடக்கும்போது துணியில் ரத்தம் படும். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார்.

"ஏம்மா, இவ்வளவு நாள் வராம இருந்துட்டீங்களே. முன்னாடியே வரக் கூடாதா?"

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஜெபக்குமார் நின்றுகொண்டிருந்தான். தரையைப் பார்த்தான். அக்கா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வந்துகினுதான் இருந்தேம்மா," என்று மட்டும் சொன்னார்.

மெட்டியைக் கழற்றினேன். இந்தத் தடவை சோப்பு வேண்டியிருக்கவில்லை, அந்த அளவுக்கு மெலிந்திருந்தார். ஜெபக்குமார் தள்ளிக்கொண்டு போனான். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் தலைமேல் கையைக் கொண்டுவந்தான்.

அக்கா அந்தக் கையைப் பிடித்தார். கோபமாக இல்லை. குழந்தைக்குச் சோறூட்டும்போது தட்டில் விழும் கையை விலக்குவோமே, அப்படி எடுத்து ஸ்ட்ரெச்சர் கம்பியில் வைத்தார்.

"நீ தள்ளு, நைனா. ஜெபத்த நான் பண்ணிக்கிறேன்."

கதவு திறந்து மூடியது. இடுப்பில் முடிந்திருந்த மெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்தேன்.