கறிவேப்பிலை மரமும் என் தும்மலும்

எங்கள் கார் வெளியே பனியில் நிற்கும். கராஜுக்குள் இருப்பது கறிவேப்பிலை மரம். லாசாலில் இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர் கார் திருத்துகிறவர். குளிர்காலத்திலும் வேலை செய்ய வேண்டுமென்று கராஜுக்கென்றே தனியாக, காற்றைச் சூடாக்கி ஊதும் ஒரு காஸ் ஃபர்னஸ் பூட்டியிருந்தார். வீடு பார்க்க வந்த அன்று என் மனைவி குசினியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஃபர்னஸைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முன்பு குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்குமாடியில் அவள் வளர்த்த இரண்டு கன்றுகளும் குளிரில் பட்டுப்போயிருந்தன. மூன்றாவதை இங்கே ஒரு பெரிய சாடியில் வைத்தாள். அது என் தலையைத் தாண்டி வளர்ந்து, கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் சின்னக் கதவுக்குள் அடங்காத மரமாகிவிட்டது. கோடையில் பெரிய கதவால் வெளியே போகும், குளிர் தொடங்க உள்ளே வரும். மகாராணி என்றுதான் நான் அதைக் கூப்பிடுவேன்.

இந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தண்ணீர் ஊற்றப் போனவள் "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!" என்று கத்தினாள். கராஜ் விறைத்துக் கிடந்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து. ஃபர்னஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆனால் வந்தது குளிர்காற்று. பழுது பார்க்கும் கம்பனிக்கு ஃபோன் எடுத்தேன். திங்கட்கிழமைக்கு முன் ஆள் வராது என்று பிரெஞ்சில் மிக மரியாதையாகச் சொன்னார்கள். அதுவரை மரம் தாங்காது. நான் போய் மரம் அரியும் வாளை எடுத்து வந்தேன்.

"கொப்புகளை அரிஞ்சால் வீட்டுக்குள்ளை கொண்டு போகலாம்," என்றேன்.

"உந்த வாளைக் கீழை வையுங்கோ. இந்தக் குளிருக்கை வெட்டினால் பேந்து தளிர்க்காது."

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு மரத்துக்காக அவள் அழுததை அன்றுதான் கண்டேன். எனக்கு என்னவோ போலிருந்தது. வாளைக் கீழே வைத்தேன்.

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை அவளுக்கு. காணாமற்போன பெட்டிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெட்டி கடைசியாக ஒழுங்காக இருந்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே பொறுமையோடு ஃபர்னஸுக்கு முன் குந்தினாள். தெர்மோஸ்டாட் சரி. ஃபில்டரை இழுத்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டாள். சின்னக் கண்ணாடிக்குள் நீலச் சுவாலை அழகாகப் பிடித்தது. சில நிமிடத்தில் அணைந்துபோக, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நெருப்பு வருது. சூட்டைக் கொண்டுபோகக் காத்துத்தான் காணாது. உள்ளுக்குச் சூடு கூடி, தானாவே நிக்குது," என்றாள். எல்லாம் விளங்கியதுபோல் நானும் தலையாட்டினேன்.

பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நேற்று இரவு நீங்கள் தும்மினனீங்களே?"

முதல் நாள் பின்னேரம் அவளும் அவளுடைய தங்கையும் கறித்தூளுக்குக் கராஜில் மிளகாய் வறுத்திருந்தார்கள். வீட்டுக்குள் மணக்கக் கூடாதென்று எங்கள் ஆட்கள் பலரும் செய்வதுதான். ஆனால் ஃபர்னஸ் அந்தக் காரல் நெடியை இழுத்து, கதவிடுக்கால் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் சுற்றவிடும். நான் தும்முகிற தும்மலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

"இல்லை. நல்லதுதானே?"

"நல்லதில்லை. அந்தக் காரல் ஏன் சுத்தேல்லை?"

கேட்டுக்கொண்டே, சுவரை ஒட்டாமல் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை இழுக்கத் தொடங்கினாள். நானும் கை கொடுத்தேன். மூட்டைகளுக்குப் பின்னால், சுவரின் அடியில்தான் ஃபர்னஸ் காற்றை உள்ளிழுக்கும் கம்பித்தட்டு இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய சேலை, நாலாக மடித்து, சுற்றிவர டேப் ஒட்டி, இம்மிகூடக் காற்றுப் போகாதபடி இருந்தது. அவள் அதைப் பிய்த்தெடுத்துவிட்டுத் தங்கைக்கு ஃபோன் எடுத்தாள்.

"கராஜுக்கை சேலை ஒட்டினது நீயே?"

"ஓம் அக்கா. அத்தான் பாவம், ஒவ்வொருக்காலும் தும்மிச் சாகிறார். பேந்து கழட்ட மறந்துபோனன். ஏன், ஏதும் பிரச்சினையே?"

என் மனைவி மரத்தை ஒருதரம் பார்த்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்டுமில்லையடி. அத்தானுக்குத் தும்மல் வரேல்லையாம், கவலைப்படுறார்."

மெக்கானிக் யாரும் தும்மலைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். நான் ஒன்றும் நடக்காத இரவு என்று நிம்மதியாகத் தூங்கிய இரவில், நடக்க வேண்டியது ஏன் நடக்கவில்லை என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவளைக் கட்டியது என் அதிர்ஷ்டம் என்று அடிக்கடி நினைப்பேன். அன்று வாய்விட்டே சொன்னேன்.

"முதல் அந்த வாளைக் கொண்டுபோய் வையுங்கோ," என்றாள்.

வைத்துவிட்டு வந்தபோது ஃபர்னஸ் நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது. சூடான காற்றில் மேல் இலைகள் மெல்ல ஆடின. கூடவே, சேலையில் அடைந்து கிடந்த மிளகாய்க் காரலும் கிளம்பியது. எனக்கு மூக்கு அரித்தது. ஒரு தும்மல், பிறகு அடுக்கடுக்காகத் தும்மல்.

அவள் ஜாக்கெட்டோடு மரத்தடியில் நின்று, இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தும்முங்கோ," என்றாள். "இன்னும் தும்முங்கோ."