உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை

அறுபத்தைந்தாம் வருஷச் சண்டையில் காயம்பட்ட ஜவான்களுக்காக இன்று ராமநாதபுரத்தில் காட்சியகம் திறந்தோம். உள்ளே மாட்டிய அவர்களின் பன்னிரண்டு படங்களுக்கும் மாலை என் உபயம்.

திறந்துவைக்க வரும் கலெக்டரின் ஜீப் தெருமுனைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான, காலிழந்த அந்தோணியின் மனைவி சவேரியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"மொதலாளி, எம் புருசன் வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காரு. இங்கன அவரு படத்துக்கு மாலை போட்டிருக்கீக! அடுத்து துக்கப் பூசையும் வைக்கப்போறீகளோ?"

"கழட்டிடுறேன் தாயி. வழி விடு."

"செத்தவருக்கு எவன் வேலை குடுப்பான்? நீங்களே குடுங்க."

ஜீப் வந்து நின்றது. நீங்களாக இருந்தால் அந்த நேரத்தில் எவ்வளவு பேரம் பேசியிருப்பீர்கள்?

நான் ஒப்புக்கொண்டது: பன்னிரண்டு மாலைகளும் உடனே இறங்கும். நாளை முதல் காட்சியக வாசலில் காவல் வேலை அந்தோணிக்கு. உட்கார நாற்காலி, மாதம் அறுபது ரூபாய், என் கையிலிருந்து.