மச்சில் ஆறு பானை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏழாம் வகுப்போடு தகராறு. அதற்குப் பிறகு கடைச் சிட்டை தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. போதாததற்கு, இதில் நான் செய்த காரியம் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரியும் இல்லை. கேட்டுவிட்டுச் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் தொடங்கி இரண்டாவது வருஷம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. நாகர்கோவிலுக்கே போய்விடுவது என்று முடிவு செய்து அங்கே ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வீடு கைமாறினால்தான் அந்த வீடு கைக்கு வரும். வாங்க வந்தவர் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், குமாஸ்தா. அச்சாரம் கொடுத்தவர் பத்திரத்துக்கு மட்டும் அவசரப்படவில்லை.

"அண்ணாச்சி, வெயில்ல எந்த வீடும் ஒழுகாது. மழ பெய்யும்போ நான் வந்து ஒரு மணிக்கூர் உள்ள இருந்து பாக்கணும். அப்புறம் கையெழுத்து" என்றார்.

"தாராளமா பாருங்க. கேடு இருந்தா சரி பண்ணித் தர வேண்டியது எம் பொறுப்பாக்கும்" என்றார் அப்பா.

ஆசாரியைக் கூட்டிவந்து கூரையைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசாரி ஏணி வைத்து ஏறி, நடு அறைக்கு மேலே கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, ஓடு மாத்தினா மட்டும் போராது. ஒழுகின வெள்ளம் சொவரு வழியா எறங்கியிருக்கு. மச்சப் பிரிச்சு, சொவருல ஏறியிருக்க உத்தரத்தோட தலையப் பாக்கணும். நாலு நாள் வேலையுண்டு."

நாலு நாள் அவருக்குக் கையாள் வேலை செய்யப்போவது யார், நான்தான். "உமக்கு வேல வேணும்னா எங்க வீட்டு உத்தரம்தான் கெடச்சுதா?" என்று சீண்டினேன். அவர் உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடைந்த ஓடுகளை நானே மாற்றினேன். மாற்றினேன் என்றால், ஏதோ பொருத்தி வைத்தேன்.

ராத்திரி அப்பா கேட்டார். "ஆசாரி வந்தாரா?" வந்தார். "பாத்தாரா?" பார்த்தார். "ஓடு மாத்தியாச்சா?" மாற்றியாச்சு. மூன்றும் சத்தியம். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை வந்தது. மத்தியானம் வானம் கறுத்ததும் மச்சில் ஏறிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மச்சு என்பது ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த பரண். பழைய சாமான் போடுகிற இடம். நான் வைத்த ஓடுகளில் ஆறு இடத்தில் ஒழுகிற்று. அடுக்களையில் கைக்குக் கிடைத்த பானை, குடம், அண்டா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து ஒழுகலுக்குக் கீழே வைத்தேன். வாசலில் குடை மடக்குகிற சத்தம். குமாஸ்தாவும், கூடவே மாசமாக இருந்த அவர் மகளும். இறங்கினால் கண்ணில் பட்டுவிடுவேன் என்று மேலேயே குந்திக்கொண்டேன்.

கீழே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. "ஒரு சொட்டு இல்லியே அண்ணாச்சி" என்றார் குமாஸ்தா. "பையன் நின்னு வேல பாத்தான்" என்றார் அப்பா, பெருமையாக. அம்மா, "கோப்பி போட ஒரு பாத்திரம்கூடக் காணலியே" என்று முனகிக்கொண்டு நடந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சுவர் ஓரத்து அண்டா ஆடியது. அடியில் பலகை தளர்ந்திருந்தது. அதை நகர்த்தியபோது கீழே உத்தரத்தின் தலை தெரிந்தது. சும்மா விரலால் குத்திப் பார்த்தேன். விரல் பாதி உள்ளே போய்விட்டது. நனைந்த அவல் மாதிரி இருந்தது. கீழேயிருந்து பார்த்தால் எண்ணெய் பூசிக் கறுப்பாய்ப் பளபளக்கிற உத்தரம் அது.

அந்தச் சமயம் பார்த்துக் கீழே குமாஸ்தா மகளான அந்த அக்காவின் குரல். "அப்பா, இந்த உத்தரத்துலதான் தொட்டில் கட்டணும். இந்தா, இதுக்கு நேரா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே நான், ஆறு பாத்திரம், அதில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற தண்ணீர். ஒழுகலை மறைக்க நான் பிடித்த மழையெல்லாம் அவள் தலைக்கு மேலே பாரமாக நிற்கிறது. வாயைத் திறந்தால் வீடு விற்காது. அப்பா வாக்குப் போகும். திறக்காவிட்டால் என்று யோசிக்கவே முடியவில்லை.

"அக்கா, அங்க நிக்காதீங்க. வாசலுக்குப் போங்க" என்று கத்தினேன்.

கீழே காலடிகள் வாசல் பக்கம் போயின. அப்புறம் அப்பாவின் குரல்.

"யாருடே மேல?"

"நான்தாம்பா."

"அங்க என்னடே செய்யுக?"

"பானை வச்சிருக்கேன்."

"என்னத்துக்கு?"

"ஒழுகுது."

பின்கட்டு ஏணி வழியாக ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்தவர் குமாஸ்தாதான். "ஆறாச்சு. இனியும் உண்டா?" என்று கேட்டார். ஆசாரி சொன்னதையும் நான் மறைத்ததையும் அப்பாவின் முன்னால் சொல்லி முடித்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவைப் பார்த்து, "உத்தரத்தையே மாத்தித் தாறேன். மனசில்லேன்னா அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

குமாஸ்தா மகளைப் பார்த்தார். அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். "மாத்தட்டும்பா. இவன் கீழ எறங்கி ஓடிட்டுச் சொல்லலியே. மேல இருந்துக்கிட்டேதானே சொன்னான்."

உண்மை என்னவென்றால், ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கால் வந்திருக்காது. ஆனால் அதை அன்றைக்கு நான் திருத்தப் போகவில்லை.

ஆசாரியிடம் நானே போய் நின்றேன். பழைய உத்தரத்தின் தலை அவர் கையோடு பிய்ந்து வந்தது. "தொட்டில ஒரு ஆட்டு ஆட்டினா போரும், முறிஞ்சிருக்கும் தம்பி" என்றார். நாலு நாள் என்றது ஒன்பது நாளாயிற்று. ஒன்பது நாளும் "கொச்சாசாரி, ஓடு எடும்" என்று எனக்குக் குட்டி ஆசாரிப் பட்டம் கட்டிக் கிண்டல் செய்தே தீர்த்தார். ஆஞ்சிலி மரத்தில் புது உத்தரம் ஏறியது. அடுத்த மழையில் குமாஸ்தா மறுபடி வந்து ஒரு மணிக்கூர் உட்கார்ந்தார். இந்தத் தடவை மச்சில் ஏறியும் பார்த்தார். மறுநாள் கையெழுத்து. அன்று அப்பா விட்ட மூச்சில் என் மூச்சும் சேர்ந்தே வெளியே வந்தது.

போன வருஷம் சரக்கெடுக்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். தொட்டிலில் இரண்டாவது குழந்தை. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு, "நீ முதல்ல இந்த உத்தரத்துல தொங்கிப் பாருடே" என்றாள். தொங்கினேன். அசையவில்லை.

ஒரு பொருளைக் கைமாற்றும்போது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இன்றைக்கும் என் விரல் நுனியில் ஈரமாக இருக்கிறது.

இதை எழுதி முடித்துக் கூட்டாளி ஒருவனிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அப்போ நாளைக்குக் காலத்த வீட்டுக்கு வாடே, போன மாசம் நீ எனக்கு வித்த சைக்கிளக் கொஞ்சம் பாக்கணும்."