கிள்ளானுக்குப் போன பத்திரிகை

கல்லூரிகளின் பட்டியலை அச்சகத்து டைப்ரைட்டரில் அடித்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள், மிஷின் சும்மா கிடக்கும். ஒரு வரிக்கு ஒரு கல்லூரி. ஊர், சேர என்ன தகுதி, பெண்களை எடுப்பார்களா, தங்க இடம் உண்டா, எவ்வளவு காலம், யார் கையெழுத்து வேண்டும் என்று கட்டங்கள். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்தவளுக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? எதையும் கட்டம் கட்டி அடித்துப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும்.

ரப்பர் விலை விழுந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயம் அது. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா சரக்குக் கிடங்கில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். நான் சீனியர் பாஸ் செய்து, மாலை வகுப்பில் டைப்ரைட்டிங் கற்று, அங்கேயே ஒரு தமிழ் அச்சகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த அச்சகம் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தியது. அதில் வருமானம் ஒன்றும் இல்லை. கடை ரசீது, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை இவற்றை அடித்துத்தான் காலம் ஓடியது.

ஒரு நாள் நிருபருக்குக் காய்ச்சல். அன்று மாலை ஒரு பொதுக்கூட்டம் இருந்தது. சுருக்கெழுத்து தெரிந்தவள் என்பதால் ஆசிரியர் என்னை அனுப்பினார். பேசியவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எடுத்துவந்து, விரித்து எழுதிக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார், கடைசிப் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கோர்ட்டுக்குக் கொடுத்தா ரொம்பச் சரியா இருக்கும்மா. இதுல செய்தி எங்கே?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாம் அதில் இருந்தது, செய்தி எது என்றுதான் தெரியவில்லை. அவர் அதை நாலு பத்தியாகச் சுருக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கேள்வி என்னோடேயே வீட்டுக்கு வந்தது. பத்திரிகைத் தொழிலைப் படிக்க வேண்டும் என்று நான் அப்பாவிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அப்பா கத்தவில்லை. அவர் எதற்கும் கத்துகிறவர் இல்லை. "ஒரு காலேஜைச் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. தீபாவளிக்குள்ள சொன்னா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா கிள்ளான் அத்தை சொல்றதைக் கேட்போம்," என்றார்.

அத்தை அப்பாவின் அக்கா. கிள்ளானில், கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அவர் சொல்லிக்கொண்டிருந்தது துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பையனைப் பற்றி. அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஊர் ஊராகக் கடிதம் எழுதினேன். கப்பலில் போய்க் கப்பலில் வரும் பதில்களுக்காகக் காத்திருந்தேன். ஒரு வரியை நீக்க வேண்டுமானால் தாளை மறுபடி உருளையில் செருகி, அந்த வரியின்மேல் வரிசையாக எக்ஸ் அடிப்பேன். எடுத்த தாளைத் திரும்பச் செருகினால் எழுத்து ஒருபோதும் பழைய இடத்தில் சரியாக உட்காராது. எக்ஸுகள் கொஞ்சம் மேலேயோ கீழேயோ விழுந்து, அடித்த பெயர் பாதி தெரிந்துகொண்டே இருக்கும்.

கல்கத்தாவில் பெண்களை எடுக்க மாட்டார்கள். பம்பாய்க்குப் பட்டம் வேண்டும். சிங்கப்பூரில் ஒரு மாலை வகுப்பு இருந்தது. என் கடிதம் போய்ச் சேருவதற்குள் வாத்தியார் ஊருக்குக் கப்பலேறிவிட்டாராம். அமெரிக்காவிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகம் வந்தது. பனியில் பெண்கள் சைக்கிள் ஓட்டும் படம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல பேப்பர்," என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஒரு இடத்திலிருந்து, பணத்தை அனுப்பினால் சர்டிபிகேட்டை அனுப்புகிறோம் என்று பதில். பாடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு இரண்டு முறை எக்ஸ் அடித்தேன்.

பதில் வரும் நாட்களைவிட வராத நாட்கள்தான் என்னைக் களைக்க வைத்தன. பகல் முழுக்க இரும்பு வியாபாரிக்கும் அரிசி வியாபாரிக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று அடித்துவிட்டு, பஸ்ஸில் வியர்வையோடு நின்று வீட்டுக்கு வந்தால் வாசலில் தபால் இருக்காது. கொடியில் காய்ந்த துணிகளில் எஞ்சின் கரி படிந்திருக்கும். உதறி மடிப்பேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி வைப்பார்.

அச்சகத்தில் ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. "இன்னிக்கு எந்த காலேஜ் காலி?" என்பார், உள்ளே வரும்போதே.

"பம்பாய், சார்."

"போகட்டும் விடு. காலேஜுக்குப் போகாமத்தானே நான் இந்த நிலைமைக்கு வந்திருக்கேன்!"

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மதராஸ். ஒரு வருட வகுப்பு, தமிழும் ஆங்கிலமும் உண்டு, சீனியர் பாஸ் போதும், பெண்களுக்கு விடுதியும் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் சரி என்று விழுந்த ஒரே வரி அது. மற்றொன்று லண்டன், தபாலில் பாடம். வீட்டைவிட்டு நகர வேண்டாம். அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு எழுதத்தான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே.

மதராஸ் என்று முடிவு செய்துகொண்டேன். அப்பாவிடம் விடுதி விவரங்களைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அடுத்த வாரம் பேசலாம்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதிக்கு மேல் சம்மதம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டியலை நான் ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தேன். மிஷினில் தமிழ் எழுத்து கிடையாது. நான் படிக்க நினைத்ததற்கு ஆங்கிலத்தில் ஜர்னலிசம் என்று ஒரு தனிச் சொல் இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவர் 'பத்திரிகை' என்றார். வெள்ளிக்கிழமை கோயிலில், அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண்மணி, கிள்ளானிலிருந்து வந்தவர், பொண்ணு ஏன் இப்படி இளைத்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். அம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: "எல்லாம் பத்திரிகை விஷயமா அலைச்சல்தான். இந்த வாரத்துல முடிவாயிடும். முடிஞ்சதும் மதராஸ்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அத்தை வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலைப் பொட்டலம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"தம்பி, நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டியா?"

"என்னக்கா, என்ன ஆச்சு? உள்ள வா."

"பத்திரிகை வரைக்கும் வந்தாச்சு. கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். படிப்பு விஷயத்தை மறைத்ததற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டார். "தப்புத்தான்க்கா. பத்திரிகை இவ படிக்கணும்னு ஆசைப்பட்டா..."

"இவ என்ன படிக்கிறது? என்கிட்ட கொண்டா, நான் படிக்கிறேன். யாரு, எந்தக் குடும்பம்னு பார்க்கலாம்."

"இன்னும் முடிவாகலைக்கா. ரெண்டு இருக்கு. எதுன்னு இவதான் சொல்லணும்."

"ரெண்டா!" அத்தை பழத்தைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பேரைப் பார்த்து வச்சிருக்கியா? அதுல இவ எடுக்கப் போறாளா? பாசார்ல மீன் வாங்குறோமா, லா?"

"ஒண்ணு மதராஸ். இன்னொண்ணு லண்டன்."

அத்தை நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். குரல் இறங்கிப் போயிற்று. "வெள்ளைக்காரனா, தம்பி?"

சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். "அய்யோ அண்ணி, காலேஜ்! காலேஜ்! பேப்பர்ல எழுதுற படிப்பு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அம்மாவும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குக்கூட மீசை அசைந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எல்லாருக்கும் சொல்லிட்டேனே," என்றார்.

துறைமுகத்துப் பையன் வீட்டுக்குச் சனிக்கிழமையே நேரில் போய், எங்க பொண்ணுக்கு மதராஸ்ல முடிஞ்சு பத்திரிகை அடிக்கிறாங்க, மன்னிச்சுக்குங்க என்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் நல்லபடியாகவே கேட்டுக்கொண்டு, கேரித் தீவில் வேறு பெண் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். கோயிலில் சொல்லியாகிவிட்டது. துணிக்கடையில் சொல்லியாகிவிட்டது. நான் அச்சகத்தில் வேலை செய்வது கிள்ளானில் தெரிந்த விஷயம். அதனால் யாரும் சந்தேகப்படவே இல்லை. பத்திரிகையை அவளே பிழை பார்த்துடுவா என்று ஒருவர் சொன்னாராம்.

அந்தப் பையன் பேச்சு அதோடு முடிந்தது. மதராஸ் அதற்கடுத்த சில நிமிடங்களில் முடிந்தது.

"இப்ப இவளைத் தனியா மதராஸுக்குக் கப்பலேத்தினா என்ன சொல்வாங்க?" என்றார் அத்தை. அவர் கோபமாகப் பேசவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டார். "கல்யாணமாகித்தான் போறாம்பாங்க. ஒரு வருஷம் கழிச்சு ஒத்தையா வந்து இறங்கினா? வாழாம வந்துட்டாம்பாங்க. நீ ஒவ்வொரு வீடாப் போய்க் காலேஜ், காலேஜ்னு சொல்லுவியா தம்பி?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் மதராஸ் வேண்டாம்மா."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்."

அத்தை ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

திங்கட்கிழமை மத்தியானம் தாளை உருளையில் செருகி மதராஸ்மேல் எக்ஸ் அடித்தேன். அதுவும் சரியாக உட்காரவில்லை. அதை நீக்கிய காரணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. தகுதி இருந்தது, விடுதி இருந்தது. அப்பாவின் கையெழுத்தும் ஏறக்குறைய இருந்தது. பட்டியலில் கிள்ளான் என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல் கேலி செய்வார் என்று நினைத்தேன். "மிச்சம் இருக்கிறதை விட்டுடாதே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

தீபாவளிக்கு முன் லண்டன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேச்சு மாறாமல் கையெழுத்துப் போட்டார். நான் தேர்ந்தெடுத்தேன் என்று எழுத ஆசைதான். மிஞ்சியதை எடுத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

முதல் பாடம் வந்தது. உங்கள் தெருவில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை, உங்கள் ஊரைப் பார்த்திராதவருக்குப் புரியும்படி எழுதுக. நான் அத்தை வந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன். எங்கள் மொழியில் செய்தித்தாளுக்கும் கல்யாண அழைப்புக்கும் ஒரே சொல் என்பதை விளக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அடித்துக் கிழித்து, அடித்துக் கிழித்து, அது தெளிவாகிவிட்டது என்று தோன்றிய பிறகே அனுப்பினேன்.

பல வாரங்களுக்குப் பின் திரும்பி வந்தது. அந்தச் சொல்லைப் பற்றிய பத்தியில் ஒரு குறியும் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மை: 'கோபத்தோடு வந்தவர் ஏன் பழம் கொண்டுவந்தார்?'

தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழத்தை நான் எழுதியிருந்தேன், ஆனால் பார்த்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். அதை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செய்தி எங்கே என்று ஆசிரியர் அன்று கேட்டதற்கு இது முழுப் பதில் இல்லை. ஆனாலும் அதன் பக்கத்தில் எங்கோ இருந்தது. மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினேன். இந்தத் தடவை வாழைப்பழத்திலிருந்து.

பாடங்கள் இன்னும் வருகின்றன. வேலை முடிந்து வந்து, துணியில் கரியை உதறிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதுகிறேன். பல நாட்கள் கண் செருகுகிறது. அத்தை எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், பழத்தோடு. செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கிறார்:

"என்னடி, பத்திரிகை என்ன ஆச்சு?"

எந்தப் பத்திரிகை என்று நான் கேட்பதில்லை.

"இன்னும் முடியலை அத்தை."