இருபது எண்ணும் வரை

புத்தாண்டு வெடி கொளுத்திவிட்டு வந்த மகனின் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். அதிலிருந்த வெடிமருந்து மணம், வட ஜெர்மனியில் அம்மா வேலை செய்த பீரங்கிப்படை முகாமின் சலவைக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். சீருடைகளின் சூடான ஆவிக்குள் அம்மா அயன் பண்ணிக்கொண்டிருப்பாள், வெளியே பயிற்சிப் பீரங்கி முழங்கியதும் என்னை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் ஷெல் கிளம்பும் சத்தம் கேட்டதிலிருந்து அது வந்து விழும்வரை எண்ணிப் பழகியவள். இங்கே வெற்று வேட்டு என்று தெரிந்தும் இருபது வரை எண்ணிவிட்டுத்தான், “ஒண்டும் விழேல்லை, பயப்பிடாதை பிள்ளை” என்பாள்.

இதை ஒருநாள் பார்த்துவிட்ட நரைமீசைச் சார்ஜன்ட், அதன்பிறகு சுடும் நாள்களில் காலையிலேயே வந்து, எத்தனை மணிக்கு என்று விரல்களால் காட்டிவிட்டுப் போவார்.

நான் ஐந்தாம் வகுப்பிலிருந்தபோது அந்தப் படைப்பிரிவைக் கலைத்தார்கள். கடைசி மரியாதை வேட்டுக்கு அவர் அணிவகுப்பில் நிற்கவில்லை. எங்கள் சலவைக்கூட ஜன்னலோரம் வந்து நின்றார். பீரங்கி முழங்கியது. அம்மா மேசைக்கடியில் போகவில்லை. குலுங்கும் அவர் தோள்களைப் பார்த்தபடி, நின்றே இருபது வரை எண்ணினாள்.

பிறகு தமிழிலேயே அவரிடம் சொன்னாள்: “ஒண்டும் விழேல்லை. பயப்பிடாதேங்கோ.”