பாப்பரசரிடம் அனுமதி கேட்ட மச்சாள்கள்

என் வருங்கால மாமனார் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். பிராங்பேர்ட்டுக்கு வெளியே பெரிய வீடு. ஊரார் வாயைப் பார்ப்பதை நிறுத்தியதும் தன் வம்சத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் கோட்டையும் கொடியுமாக வாழ்ந்த ஒரு பிரபு குடும்பத்தின் கடைசிக் கொழுந்து தான்தான் என்பது அவருடைய முடிவு. முடிவு முதலிலேயே வந்துவிட்டது. ஆதாரம்தான் பின்னால் வரவேண்டியிருந்தது.

நான் ஹாலே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், லத்தீன் வாசிப்பேன். மகனைக் கட்டப்போகிறவள் என்பதைவிட இந்தத் தகுதிதான் அவருக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில், என் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டார். சந்திப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மா அப்பாவின் சொந்த மாமி மகள். அதைச் சொன்னேன். முள்ளுக்கரண்டிகள் நடுவழியில் நின்றன. இந்த நாட்டுச் சட்டத்திலும் அதற்குத் தடையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரமே மரபணு ஆலோசனைக்கு எனக்கொரு டெர்மின், அதாவது மருத்துவரைப் பார்க்க நேரம், எடுத்துவைத்துவிட்டார். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள்: நிச்சயதார்த்த விருந்துக்கு வரும் உறவினரிடம், என் பெற்றோர் பள்ளிக்கூடத்தில் பழகிக் கட்டியவர்கள் என்று சொன்னால் நல்லதாம்.

"அப்பா உன் நன்மைக்குத்தான் சொல்கிறார்" என்றான் அவர் மகன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். அவன் எனக்கு வேண்டும், அதுதான் உண்மை.

பிறகு மாமனார், வாசித்து வம்ச மரம் வரைந்து தரச் சொல்லி ஒரு கட்டுக் காகிதம் தந்தார். அந்தப் பிரபுக்கள் ரோமாபுரிக்கு, பாப்பரசருக்கு அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள். விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதை ஜெர்மன்காரர்தான் கண்டுபிடித்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: நாங்கள் நெருங்கிய சொந்தம், திருச்சபைச் சட்டப்படி கட்டக்கூடாது, ஆனாலும் சேர்ந்துவிட்டோம், பிள்ளையும் பிறந்துவிட்டது, பெரிய மனது பண்ணி அனுமதி தாருங்கள். ஐந்து தலைமுறை. ஒன்றுகூடத் தவறவில்லை.

சொந்தத்துக்குள் கட்டியவர்களை வம்ச மரத்தில் இரட்டைக் கோட்டால் இணைப்பது வழக்கம். நானும் போட்டேன். மரம் ரயில் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது. மாமனாரின் முகம் கோணும் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

"என்னவொரு ராஜதந்திரம்!" என்று புல்லரித்துப்போனார் மனிதர். குடும்பக் காணி வெளியே போகாமல் அப்படிப் பாதுகாத்தார்களாம். அப்பாவின் வீட்டாரும் காணி வெளியே போகக்கூடாதென்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அது ஊரில் வெங்காயம் விளைந்த தோட்டக்காணி. கோட்டைக்குத்தான் ராஜதந்திரம், தோட்டத்துக்கு டெர்மின்.

விருந்தன்று அப்பாவும் அம்மாவும் ஹம் நகரிலிருந்து ரயிலில் வந்தார்கள். அம்மா விடிய எழும்பிச் சுட்ட பணியாரம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. வரவேற்பறைச் சுவரில் நான் வரைந்த வம்ச மரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. விருந்தினர் அதைச் சுற்றி நின்றார்கள். இரட்டைக் கோடு எதற்கு என்று அம்மா கேட்டார். சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அட, இவையும் எங்களை மாதிரித்தானே! நானும் அப்பாவும் மச்சான் மச்சாள் எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை. சந்தோசப்படுவார்."

அம்மா என்ன சொல்கிறார் என்று மாமனாரின் தமக்கை ஜெர்மன் மொழியில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் தன் கிளாஸைப் பார்த்தார். அவர் மகன் நிலத்தைப் பார்த்தான்.

"மரம் மிகவும் அழகாக இருக்கிறதாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. தான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார். அப்பா முப்பது வருடம் ஜெர்மன்காரரோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டார்.

"வாரும், அங்கால போய் இருப்பம்."